வண்டி கைமாறினால் போதுமா?

வெள்ளாற்றின் தென்கரையில், குன்னம் வட்டத்தில் அமைந்த பேரூர் லப்பைக்குடிக்காடு. இங்குள்ள குடும்பங்களில் அயல்நாட்டில் ஊழியம் புரிவோர் பலர். 'சபர்' என்று இம்மக்கள் வழங்கும் அப்பயணம் வளைகுடா நாடுகளுக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ இருக்கலாம். விடுப்பில் ஊர் திரும்பியவர் மோட்டார் வண்டியொன்றை வாங்குவதும், மறுபடியும் புறப்படுகிற வாரத்தில் அதை அவசரமாக விற்றுவிட்டு விமானம் ஏறுவதும் இங்கே வழக்கமாகக் காணும் காட்சிகள். சுற்றியுள்ள மக்காச்சோள, பருத்தி விவசாயிகளிடம் சுமை வண்டியும் டிராக்டரும் கைமாறுகின்றன. ஜெயங்கொண்டம் பக்கத்து நெசவாள அன்பர்களோ பாவும் நூலும் ஏற்றிச் செல்லும் மொபெட்டைப் பழசாகவே வாங்கிப் பழசாகவே விற்கிறார்கள். நம் சங்க அங்கத்தினரில் வாழ்நாளில் ஒரு முறையேனும் பழைய வண்டி வாங்காதவரோ விற்காதவரோ அரிதாகவே இருப்பர். ஆகவே இம்மாதம் அதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

வியாபாரம் நடக்கும் முறை யாவரும் அறிந்ததே. தேநீர்க் கடையிலோ வீட்டுத் திண்ணையிலோ விலை பேசி முடிகிறது. பணம் எண்ணிக் கொடுக்கப்படுகிறது. சாவியும் ஆர்.சி.யும் கைமாறுகின்றன. பிறகு வாங்குகிறவர், "அந்த இரண்டு பாரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் பாய், மற்றதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். விற்பவரும் பூர்த்தி செய்யாத வெற்றுப் பாரங்களில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு, காரியம் முடிந்ததென்று எண்ணிப் பயணத்துக்குப் பெட்டி கட்டுகிறார். முடிந்தது பணப் பரிமாற்றம் மட்டுமே. பெரம்பலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பதிவேட்டில் அவர் பெயர் அப்படியே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு அந்த வண்டியின் உரிமையாளர் இன்னமும் அவரே.

நிலம் விற்கும்போது நாம் இவ்வளவு அசட்டையாக இருப்பதில்லை. கிரயப் பத்திரம் பதிவான கையோடு வாங்கியவர் பட்டா மாற்றத்துக்கு ஓடுகிறார். பட்டாவும் சிட்டாவும் தம் பெயருக்கு வராவிட்டால் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். அங்கே தாமதத்தால் துன்பப்படுகிறவர் வாங்கியவர். ஆகவே அவசரமும் அவருடையதாகிறது. வண்டியில் நிலைமை தலைகீழ். பெயர் மாறாவிட்டாலும் பெட்ரோல் ஊற்றினால் வண்டி ஓடும். வாங்கியவருக்கு அவசரம் ஏதுமில்லை. ஆபத்தெல்லாம் ஊரை விட்டுப் போன விற்பவரின் தலையில். எவருக்கு ஆபத்தோ அவர் சும்மா இருக்கிறார்; எவருக்கு அவசரமில்லையோ அவரிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படுகிறது. எல்லாத் தொல்லைக்கும் வேர் இதுவே.

'கைமாறினால் உரிமை மாறிற்று' என்று பெரியவர்கள் சொல்வது முற்றிலும் பிழையென்று நாம் கூறமாட்டோம். 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டப்படி, விலை பேசிப் பொருளை ஒப்படைத்துவிட்டால், விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையே சொத்துரிமை மாறிவிடுகிறது. மேலும், பழைய 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'உரிமையாளர்' என்ற சொல்லுக்குத் தந்த விளக்கம், வண்டி எவர் கைவசம் இருக்கிறது என்பதை ஒட்டியே அமைந்திருந்தது. அதை மாற்றியது 1988-ஆம் ஆண்டுச் சட்டம். 1989 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது. அதன் 2(30)-ஆம் பிரிவு, எவர் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று வரையறுத்தது. தவணைக் கடனிலோ ஈட்டுக் கடனிலோ உள்ள வண்டிக்கு மட்டும், அந்த ஒப்பந்தப்படி அதைக் கைவசம் வைத்திருப்பவர் உரிமையாளராகக் கொள்ளப்படுகிறார். கைவசத்திலிருந்து பதிவேட்டுக்குச் சட்டம் நகர்ந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. திண்ணைப் பேச்சு இன்னும் நகரவில்லை.

இதன் விளைவு என்னவென்பதை வடநாட்டு வழக்கொன்று தெளிவாகக் காட்டுகிறது. ஒருவர் தம் காரை 2007 ஜூலையில் விற்றார். ஆர்.சி.யையும், பெயர் மாற்றத்துக்குரிய 29, 30-ஆம் எண் பாரங்களையும் வாங்கியவரிடம் ஒப்படைத்தார். வாங்கியவர் 2008 செப்டம்பரில் அதை இன்னொருவருக்கு விற்றார். அங்கிருந்தும் கார் மேலும் கைமாறிற்று. எவரும் பதிவேட்டில் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. 2009 மே மாதத்தில் ஒரு நாள் காலை, அந்தக் கார் பின்னோக்கி வந்து இருவர் மீது மோதியது. ஒரு பெண்மணி காயமுற்றார். உடன் நடந்து வந்த அவருடைய உறவுப் பிள்ளை உயிரிழந்தான். அந்த மரணத்துக்கு ரூ. 3,75,000-மும், காயமுற்றவருக்கு ரூ. 10,000-மும் வழங்குமாறு விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்றும் கூறியது. பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றம் அதை மாற்றி, கடைசியாக வாங்கியவரைப் பொறுப்பாக்கியது. வழக்கு டில்லிக்குப் போயிற்று. 2018 பிப்ரவரி 6-ஆம் நாள், நீதியரசர் சந்திரசூட் எழுதிய தீர்ப்பின் வாயிலாக, உச்ச நீதிமன்றம் முடிவைச் சொல்லியது: பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு. அதாவது, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே காரை விற்றுவிட்ட முதல் மனிதர்.

இது அநியாயமல்லவா என்று கேட்கத் தோன்றும். நீதிமன்றம் கூறிய காரணத்தையும் கேட்கவேண்டும். அடிபட்டவரும், பிள்ளையைப் பறிகொடுத்தவரும், வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கித் துப்புத் துலக்கிக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைத் தருவதற்குத்தான் பதிவேடு இருக்கிறது. பதிவேட்டைத் திருத்தும் கடமையைச் சட்டம் விற்பவருக்கும் சேர்த்தே விதித்திருக்கும்போது, திருத்தாதவர் தம் குறையை அடிபட்டவர் மீது சுமத்தலாகாது. இவ்வாறு பார்க்கையில் தீர்ப்பு நியாயமென்றே நமக்குப் படுகிறது. விற்பனை ஒப்பந்தம் கையில் இருப்பவர், தாம் செலுத்திய தொகையை வாங்கியவரிடமிருந்து மீட்க உரிமையியல் நீதிமன்றத்தை நாடிப் பார்க்கலாம். ஆனால் துபாயில் கூலிக்கு உழைக்கும் ஒருவர், ஊரில் வயதான தாயாரை வைத்துக்கொண்டு, அந்த வழக்கை எவ்வாறு நடத்துவார் என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம். தீர்ப்பாயத்தின் அழைப்பாணை ஆர்.சி.யில் உள்ள முகவரிக்குத்தான் வரும். அதைப் பெற்றுக்கொள்ளப் போகிறவர் அந்தத் தாயார்.

வண்டிக்குக் காப்பீடு இருக்குமானால் நிறுவனம் கொடுத்துவிடாதா என்றால், உண்மைதான். விற்பனையின்போது நடப்பிலுள்ள காப்பீட்டில், மூன்றாம் நபருக்குரிய பாதுகாப்பு வண்டியோடு சேர்ந்தே வாங்கியவருக்கு மாறிவிட்டதாகச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு கருதுகிறது. ஆனால் அந்தக் காப்பீடு எத்தனை நாளைக்கு? பெயர் மாற்றிக்கொள்ள மனமில்லாதவர், காலாவதியான காப்பீட்டைப் புதுப்பிக்க மட்டும் ஓடோடிச் செல்வார் என்று நம்ப இடமில்லை. காப்பீடு அற்றுப்போன நாளிலிருந்து, அந்த வண்டி செய்யும் ஒவ்வொரு விபத்துக்கும் விற்றவரின் வீடும் நிலமும் ஈடாக நிற்கின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இழப்பீடு ஒன்றோடு இது முடிவதுமில்லை. வண்டி ஒரு குற்றத்தில் சிக்கினால், ஓட்டியவர் யார் என்ற விவரத்தைக் காவல்துறைக்குத் தரும் கடமை உரிமையாளருடையது. 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த 199(அ) பிரிவு இன்னும் கடுமையானது. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பிள்ளையின் பாதுகாவலரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்பட்டு, மூன்றாண்டுச் சிறைக்கும் ரூ. 25,000 அபராதத்துக்கும் ஆளாகலாம். தமக்குத் தெரியாமல் நடந்தது என்று மெய்ப்பிக்கும் சுமை அவரையே சார்ந்தது. மொபெட்டைப் பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுவது நம் ஊர்களில் எவ்வளவு சகஜம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இனி, செய்யவேண்டியது யாதெனப் பார்ப்போம். சட்டத்தின் 50-ஆம் பிரிவே இதற்கு வழிகாட்டி. விற்பவர், விற்ற நாளிலிருந்து 14 நாட்களுக்குள், 29-ஆம் எண் பாரத்தில் பதிவு அதிகாரிக்கு அறிவித்து, அதன் நகலை வாங்கியவருக்கும் அனுப்பவேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள், தாம் குடியிருக்கும் வட்டாரத்தின் பதிவு அதிகாரிக்கு, 30-ஆம் எண் பாரத்தில், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று முதலியவற்றோடு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தவேண்டும். விற்பவரின் அறிவிப்பு வேறு, வாங்கியவரின் விண்ணப்பம் வேறு என்பதை அன்பர்கள் நன்கு கவனிக்கவேண்டும். இரண்டையும் ஒரே மனிதரிடம் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுவதால்தான் இரண்டுமே நடவாமற் போகின்றன.

லப்பைக்குடிக்காட்டுக்கு இதில் ஒரு தனிச் சங்கதி உண்டு. ஆற்றைக் கடந்தால் திட்டக்குடி. அது கடலூர் மாவட்டம். பெரம்பலூரில் டி.என். 46 என்று பதிவான வண்டியைத் திட்டக்குடிக்காரர் வாங்கினால், அவர் விண்ணப்பிக்கவேண்டிய அலுவலகம் அவருடைய வட்டாரத்தைச் சேர்ந்தது. அரியலூர்க்காரர் வாங்கினாலும் அவ்வாறே. அங்குப் பதிவெண் டி.என். 61. ஆகவே 'நம் ஆபீஸில் தெரிந்தவர் இருக்கிறார்' என்ற நம்பிக்கை பயன்படாது. புதுச்சேரிக்கோ காரைக்காலுக்கோ வேறு மாநிலத்துக்கோ வண்டி போகுமாயின், விற்பவர் 28-ஆம் எண் பாரத்தில் தடையில்லாச் சான்றுக்கு விண்ணப்பித்துப் பெற்று, 45 நாட்களுக்குள் அனுப்பவேண்டும். வாங்கியவர் பார்த்துக்கொள்வார் என்று விடத்தக்க காரியம் இதுவன்று.

நம் அங்கத்தினர்கள் பெரும்பாலும் இடறி விழுவது கடன் விஷயத்தில். கூட்டுறவு வங்கியிலோ வேறிடத்திலோ கடன் பெற்று வாங்கிய டிராக்டருக்குத் தவணை முழுதும் கட்டி முடிப்பார்கள். வங்கி தரும் 35-ஆம் எண் பாரத்தையும் கடன் தீர்ந்த கடிதத்தையும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். அதைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள ஈட்டுக் குறிப்பை நீக்கினாலொழிய கடன் தீர்ந்ததாகப் பதிவேடு அறியாது. ஈட்டுக் குறிப்பு உள்ள வண்டியைக் கடன் கொடுத்தவரின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பெயர் மாற்ற 51-ஆம் பிரிவு இடந்தரவில்லை. விற்கும் நாளில் பெட்டியைத் திறந்தால் எலி கடித்த காகிதம் இருக்கலாம். கிளை வங்கி வேறொன்றோடு இணைக்கப்பட்டிருக்கலாம். கடைசித் தவணை கட்டிய வாரத்திலேயே இதை முடித்துவிடுவது நன்று. சங்கச் செயலாளர்களும் கடன் தீர்ந்த அங்கத்தினரை இதன் பொருட்டு நினைவூட்டுதல் வேண்டும்.

தகப்பனார் காலமான பின் அவர் பெயரிலுள்ள வண்டியை மகன் விற்பதும் மிகுதி. இறந்தவரின் கையெழுத்தைப் போட்டு விற்பவர்களும் உண்டு. அது மோசடிக் குற்றம் என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பும் வாரிசு, மரணம் நிகழ்ந்த 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்கு அறிவித்தால், மூன்று மாதம் வரை அதை ஓட்டலாம். அதற்குள் 31-ஆம் எண் பாரத்தில் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கவேண்டும். தம் பெயருக்கு மாறிய பிறகே அவர் பிறருக்கு விற்க வேண்டும்.

புரோக்கர் வழியாக விற்போருக்கு ஒரு வார்த்தை. வெற்றுக் கையெழுத்துப் பாரங்களைப் புரோக்கர்கள் விரும்புவதற்குக் காரணம் உண்டு. வண்டியைத் தம் பெயரில் மாற்றினால் 'முதல் ஓனர் வண்டி' என்ற மதிப்புப் போய்விடும். ஆகவே வேறு ஆள் அகப்படும்வரை விற்றவர் பெயரிலேயே அதை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இதற்கு முடிவு கட்டவே மத்திய அரசு 2022 டிசம்பரில் விதிகளைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரி என்ற முறையைக் கொண்டுவந்தது. அத்தகையவரிடம் வண்டியை ஒப்படைக்கும்போது 29(சி) பாரத்தில் பதிவு அதிகாரிக்கு அறிவித்துவிட்டால், அடுத்தவர் பெயருக்கு மாறும்வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். இது நல்ல ஏற்பாடு. அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம். இல்லாதவரிடம் கையெழுத்திட்ட பாரங்களைக் கொடுப்பது, தொகை எழுதாத காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுப்பதற்கு நிகர்.

அயல்நாடு செல்வோர் விஷயத்துக்கு வருவோம். இப்பொழுது பெயர் மாற்ற விண்ணப்பங்கள் 'பரிவாகன்' இணையதளம் வழியே செய்யப்படுகின்றன. அதற்குரிய ரகசிய எண் விற்பவரின் கைப்பேசிக்கு வருகிறது. விமானம் ஏறியதும் உள்ளூர் எண்ணை அணைத்துவிடும் பழக்கமுள்ளவர், அந்த எண்ணை எங்கிருந்து சொல்வார்? வாங்கியவர் நேர்மையானவராக இருந்து, தாமே விண்ணப்பிக்க முனைந்தாலும் காரியம் அங்கே நின்றுவிடும். ஆகவே பயணத் தேதிக்கு ஒரு மாதத்துக்கு முன்னரே வண்டியை விற்பது உத்தமம். ஆதார் அட்டையில் கைப்பேசி எண் சரியாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிடவேண்டும். வெளிநாட்டிலிருந்தபடியே விற்க நேர்ந்தால், இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரத்தை ஊரிலுள்ள உறவினருக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்படவேண்டும் என்பதை மறந்துவிடலாகாது.

வியாபாரம் முடியும் நாளில் இருவருமாகச் சேர்ந்து விண்ணப்பத்தைப் பதிவேற்றி, கட்டண ரசீது கையில் வந்த பிறகே சாவியைக் கொடுப்பது என்று வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை ஒழியும். வாங்குபவர் நண்பராயினும் உறவினராயினும் இது பொருந்தும். 'மச்சானிடம் போய் இப்படிக் கேட்பதா' என்று தயங்குவோர் உளர். மச்சான் அந்த வண்டியை நாளை யாருக்கு விற்பார் என்பது மச்சானுக்கே தெரியாது. ஒப்படைத்த தேதி, மணி, வண்டி ஓடிய கிலோமீட்டர், பெற்ற தொகை ஆகியவற்றைக் குறித்து இருவரும் கையெழுத்திட்ட ஒரு சீட்டும், வாங்கியவரின் அடையாளச் சான்று நகலும் விற்பவரிடம் இருக்கவேண்டும். 29-ஆம் எண் அறிவிப்பின் ஒரு பிரதியை விரைவு அஞ்சலில் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பி, அதற்குரிய ஒப்புகையைப் பாதுகாத்து வைக்கலாம். பதிவேட்டில் பெயர் மாறுவதற்கு இது ஈடாகாது. எனினும் காவல் நிலையத்தில் கேள்வி எழும்போது கையில் ஏதேனும் இருப்பது நலம்.

வாங்குகிறவர்க்கும் சிறிது சொல்லவேண்டும். மூன்றாம் நபர் பாதுகாப்பு தானே மாறினாலும், தம் வண்டிக்கு நேரும் சேதத்துக்குரிய காப்பீடு அவ்வாறு மாறாது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே கூறிவிட்டது. ஆகவே 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பெயர் மாற்றாமல் ஓட்டி, வண்டி களவு போனால் கேட்க நாதியிராது. பணம் கொடுக்குமுன் 'பரிவாகன்' தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, ஈட்டுக் குறிப்பு உண்டா, காப்பீடு எதுவரை என்று பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். கார், மொபெட் போன்ற சொந்த உபயோக வண்டிகளுக்குப் பதிவு 15 ஆண்டுக்கே செல்லும். பதினான்காம் ஆண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவோர், புதுப்பிப்புச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளவேண்டும். விற்பவருக்கோ இங்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. விபத்துக் கோரிக்கை இல்லாத ஆண்டுகளுக்குக் காப்பீட்டில் கிடைக்கும் கழிவு, வண்டியைச் சேர்ந்ததன்று, மனிதரைச் சேர்ந்தது. நிறுவனத்திடம் அதற்கொரு கடிதம் பெற்றுக்கொண்டால், மூன்று ஆண்டுகளுக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அதைப் பயன்படுத்தலாம். இதை அறியாமல் பலர் இழந்துவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் 2024 பிப்ரவரி 28 முதல் புதிய ஆர்.சி. விரைவு அஞ்சலில் முகவரிக்கே அனுப்பப்படுகிறது. அது வாங்கியவர் வீட்டுக்குப் போகும். விற்றவருக்குத் தகவல் வராது. ஆதலால் விற்றவர் இரண்டு வாரத்துக்கொரு முறை தம் பழைய வண்டி எண்ணைத் தளத்தில் பார்த்து, உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளவேண்டும். ஒரு மாதமாகியும் மாறவில்லையெனில் வாங்கியவரையும் பதிவு அலுவலகத்தையும் எழுத்து மூலம் கேட்கலாம். காராயிருந்தால் கண்ணாடியில் ஒட்டிய 'பாஸ்டேக்' சீட்டையும் விற்ற நாளிலேயே வங்கியில் சொல்லி முடித்துவிடவேண்டும். இல்லாவிட்டால், வாங்கியவர் திருமாந்துறைச் சுங்கச் சாவடியைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும், கத்தாரில் இருப்பவரின் கணக்கிலிருந்து பணம் குறைந்துகொண்டே இருக்கும்.